யாருக்குத் தெரிவிப்பது? ஸ்தாபனங்களின் தொடர்புப் பதிவேடு

அந்தமான் தீவுகளின் தலைநகரிலுள்ள ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து, தீவுகளுக்கிடையே செல்லும் கப்பல்கள் புறப்படுகின்றன. வடக்கே டிக்லிப்பூர் முதல் தெற்கே மகா நிக்கோபாரின் காம்பெல் பே வரையில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்திற்குச் சிதறிக் கிடக்கும் தீவுகளுக்கு ஆசிரியர்களும், மாணவர்களும், நோயாளிகளும், சர்க்கார் உத்தியோகஸ்தர்களும் பிரயாணம் செய்வது பெரும்பாலும் இத்துறையின் வழியாகவே ஆகும். ஒரு நாள் கடற்கொந்தளிப்பினால் கார் நிக்கோபார் செல்ல வேண்டிய கப்பல் புறப்படவில்லை என்று வைத்துக்கொள்வோம். இச்செய்தியை எவர் எவருக்குத் தெரிவிக்க வேண்டும்? அங்குள்ள துறைப் பொறுப்பாளருக்கு மட்டும் தெரிவித்தால் போதாது. சிகிச்சைக்காகத் தலைநகருக்கு அனுப்பப்பட வேண்டிய நோயாளியை வைத்துக்கொண்டு ஒரு டாக்டர் காத்திருக்கலாம். வினாத்தாள் கட்டுகளை எதிர்பார்த்து ஒரு தலைமையாசிரியர் காத்திருக்கலாம். செய்தி ஒன்றுதான், அதைப் பெற வேண்டியவர்கள் பலர். அவர்கள் இன்னார், இன்ன இடத்தில் உள்ளனர், இன்ன சாதனத்தின் மூலம் எட்டத்தக்கவர் என்னும் விவரத்தை ஒழுங்காகத் திரட்டி வைப்பதே தொடர்புப் பதிவேடு. கம்ப்யூட்டரில் அமைக்கப்படும்போது இதனை டேட்டாபேஸ் என்பர். தமிழில் தரவுத்தளம் என்று வழங்குகிறது.

இத்தகைய பதிவேடு இல்லாத காரியாலயமே இல்லை எனலாம். தலைமைக் குமாஸ்தாவின் நோட்டுப் புத்தகத்திலோ, மேஜைக் கண்ணாடியின் கீழே செருகிய தாளிலோ, சுவரில் டெலிபோனுக்கு மேலே பென்சிலால் கிறுக்கிய எண்களிலோ அது எங்கும் இருந்துகொண்டுதான் இருக்கிறது. அது செம்மையாக இருக்கிறதா என்பது அவசரம் நேரும்போதுதான் தெரிய வருகிறது. அவ்வாறு தெரிய வந்த ஒரு நாளைப் பற்றி முதலில் கூறுதல் பொருந்தும்.

2004 டிசம்பர் 26

அன்று காலை இந்திய நேரப்படி 6 மணி 29 நிமிடத்திற்குச் சுமத்ராத் தீவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் பெரும் பூகம்பம் நிகழ்ந்தது. அதன் அளவு 9.1 எனப் பின்னர் கணக்கிடப்பட்டது. அதனால் எழுந்த சுனாமி என்னும் பேரலை நிக்கோபார்த் தீவுகளை ஒரு மணி நேரத்திற்குள் தாக்கிவிட்டது. சென்னைக் கரையை ஏறத்தாழ 9 மணிக்கு அடைந்தது. அந்தமான் நிக்கோபார்த் தீவுகளில் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் இறந்தோ காணாமற்போயோ விட்டனர். தமிழ்நாட்டில் உயிரிழந்தோர் தொகை ஏறத்தாழ 8,000. பூகம்பத்துக்கும் சென்னையில் அலை வந்ததற்கும் இடையே சுமார் இரண்டரை மணி நேரம் இருந்தது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அந்த நேரத்தில் செய்தி எங்கெங்கே இருந்தது என்பதே நமது விஷயம்.

ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையத்தார் பூகம்பம் நிகழ்ந்த கால் மணி நேரத்திற்குள் முதல் அறிக்கையை வெளியிட்டனர். அவ்வறிக்கை பசிபிக் சமுத்திரத்தைச் சூழ்ந்த நாடுகளுக்குச் சென்றது. அலை எழுந்ததோ இந்தியப் பெருங்கடலில். இப்பகுதியைச் சேர்ந்த எவருடைய விலாசமும் தங்கள் பதிவேட்டில் இருக்கவில்லை என்று அம்மையத்தின் பொறுப்பில் இருந்த விஞ்ஞானி பின்னர் பத்திரிகையாளரிடம் தெரிவித்தார். கருவிகள் வேலை செய்தன; கணக்கும் ஓரளவு சரியாகவே இருந்தது. எழுதி அனுப்ப ஒரு விலாசந்தான் இல்லை.

நம் நாட்டிலும் செய்தி இல்லாமற் போகவில்லை. கார் நிக்கோபாரிலுள்ள விமானப்படைத் தளத்திலிருந்து, தீவு மூழ்குகிறது, எங்கும் தண்ணீர் என்னும் கருத்துப்படக் கடைசிச் செய்தி வந்ததாக அப்போதைய விமானப்படைத் தலைமைத் தளபதி பின்னர் கூறினார். அச்செய்தி வந்தபோது தமிழ்நாட்டுக் கரைக்கு அலை வந்து சேர இன்னும் ஒரு மணி நேரம் அளவில் இருந்தது. பூகம்பத்தைப் பற்றிய தகவல் ஒன்பது மணிக்குச் சில நிமிஷங்கள் முன்னதாகத் தில்லியில் ஃபாக்ஸ் மூலம் அனுப்பப்பட்டது என்றும், அது துறையின் அமைச்சருக்குச் செல்லாமல், அத்துறையை முன்பு வகித்தவரின் இல்லத்திற்குச் சென்றுவிட்டது என்றும் அக்காலத்துச் செய்தித்தாள்கள் எழுதின. மத்திய அமைச்சரவை மாறியது அவ்வாண்டு மே மாதத்தில். ஏழு மாதங்களாகியும் ஓர் எண் மாற்றப்படவில்லை. அது சரியாகப் போய்ச் சேர்ந்திருந்தாலும் அந்தச் சில நிமிஷங்களில் கரையிலிருந்த மக்களைக் காத்திருக்க முடியுமா என்பது சந்தேகமே. ஆயினும் பதிவேட்டின் குறை எத்தன்மையது என்பதைக் காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பதரிது.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஒன்றும் அதே நாளில் உண்டு. புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் கிராமத்தில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிலையத்தார் ஏற்படுத்திய தகவல் மையம் ஒன்று இருந்தது. அவ்வூரைச் சேர்ந்த ஒருவர், அம்மையத்தில் முன்பு தொண்டராகப் பணி புரிந்தவர், அப்போது சிங்கப்பூரில் வேலையில் இருந்தார். செய்தியைக் கேட்டதும் ஊருக்கு டெலிபோன் செய்தார். ஊரார் மையத்தைத் திறந்து, அங்கிருந்த ஒலிபெருக்கி மூலம் யாவரையும் கரையை விட்டு விலகச் சொன்னார்கள். ஏறத்தாழ 500 குடும்பங்கள் உயிர் தப்பின. அந்த மனிதருக்கு யாரை அழைப்பது என்பதும், அங்கே எந்தச் சாதனம் இருக்கிறது என்பதும் தெரிந்திருந்தன. ஒரு நல்ல பதிவேடு இவ்வறிவையே, அது ஒரு மனிதரின் நினைவில் மட்டும் தங்கிவிடாதபடி, எழுதி வைக்கிறது.

பதவியும் ஆளும்

பதிவேட்டை அமைப்பவர்கள் முதலில் செய்யும் தவறு, ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரி எழுதி, பெயர், பதவி, ஊர், டெலிபோன் எண் ஆகிய யாவற்றையும் அவ்வரியிலேயே அடக்கிவிடுவது. சில மாதங்கள் இது நன்றாகவே உபயோகப்படும். பின்னர் ஓர் ஆசிரியர் மாற்றலாகிறார். அவருடைய வரியில் ஊரை மட்டும் திருத்துவதா, பதவியையும் திருத்துவதா? பழைய பள்ளியின் காரியாலய எண் அவர் பெயரோடு புதிய ஊருக்கும் போய்விடுகிறது. பழைய பள்ளிக்கோ பதிவேட்டில் இடமே இல்லாது போகிறது.

இதற்குப் பரிகாரம் கம்ப்யூட்டர் விஞ்ஞானத்தில் 1970-ஆம் ஆண்டிலேயே கூறப்பட்டுவிட்டது. எட்கர் காட் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர், அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் பணியாற்றியபோது வெளியிட்ட ஒரு கட்டுரையில், விவரங்களைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து, அவற்றைப் பொதுவான குறியீட்டால் இணைக்கும் முறையை விளக்கினார். இன்று வழங்கும் தரவுத்தளங்களிற் பெரும்பாலானவை இம்முறையையே அடிப்படையாகக் கொண்டவை. நமது காரியத்திற்கு அதன் சாரம் மிக எளியது. ஆட்களுக்கு ஓர் அட்டவணை. பதவிகளுக்கு ஓர் அட்டவணை. இடங்களுக்கு ஓர் அட்டவணை. இன்ன ஆள் இன்ன பதவியை இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை வகித்தார் என்று காட்டும் இணைப்பு அட்டவணை ஒன்று. கைப்பேசி எண் ஆளைச் சேர்ந்தது. காரியாலய டெலிபோனும் வயர்லெஸ் அழைப்புக் குறியும் பதவியைச் சேர்ந்தவை. ஒருவர் மாற்றலாகிச் சென்றால் அவருடைய வரியை அழிக்க வேண்டுவதில்லை. இணைப்பு அட்டவணையில் முடிவுத் தேதியை இட்டு, புதியவருக்கு ஒரு வரி சேர்த்தால் போதும். பதவி அசையாமல் நிற்கும். பழைய விவரமும் கெடாது. சென்ற ஆண்டு இப்பதவியில் இருந்தவர் யார் என்று கேட்டால் விடை கூற இயலும். தில்லி ஃபாக்ஸின் கதையும் பதவியின் எண்ணையும் ஆளின் எண்ணையும் வேறு பிரிக்காததன் கதையாகவே தோன்றுகிறது.

யுனெஸ்கோவின் கீழ் 2005-ஆம் ஆண்டில் ஏற்பட்ட இந்தியப் பெருங்கடல் சுனாமி எச்சரிக்கை அமைப்பும் இப்பாகுபாட்டைக் கையாளுகிறது. ஒவ்வோர் அங்கத்தின நாடும் இருவகை விவரங்களைத் தர வேண்டும். ஒன்று, அந்நாட்டின் சார்பில் கொள்கை விஷயங்களைக் கவனிக்கும் ஒரு மனிதரின் விலாசம். மற்றொன்று, இரவு பகல் இருபத்துநான்கு மணி நேரமும் ஆளிருக்கும் ஒரு நிலையத்தின் விலாசம். எச்சரிக்கை செல்வது பின்னதற்கே. மனிதர் உறங்கலாம், நிலையம் உறங்குவதில்லை.

இடத்தின் பெயர்

தீவுகளைப் பற்றிய பதிவேட்டில் ஆளைவிடத் தொல்லை தருவது ஊர்ப் பெயர். சுற்றுலாவுக்குப் பேர்போன ஸ்வராஜ் தீவில் கோவிந்த நகர், விஜய் நகர் என்று இரு கிராமங்கள் உள்ளன. தீவுத் தொடரின் தென்கோடியில் மகா நிக்கோபாரிலும் கோவிந்த நகர், விஜய் நகர் என்ற பெயருடைய கிராமங்கள் உண்டு. ஒன்று எச்சரிக்கை பெற வேண்டிய நேரத்தில் மற்றொன்று பெறுமாயின் விளைவை விளக்க வேண்டுவதில்லை.

பெயர்கள் மாறவும் செய்கின்றன. ஸ்வராஜ் தீவு 2018 டிசம்பர் வரை ஹேவ்லாக் எனப்பட்டது. அதற்கு அண்மையிலுள்ள ஷஹீத் தீவு நீல் எனப்பட்டது. போர்ட் பிளேர் 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் பெற்றது. பழைய பெயரில் பதிந்தவற்றையும் புதிய பெயரில் பதிந்தவற்றையும் கம்ப்யூட்டர் இரண்டு ஊர்களாகவே கொள்ளும். ஆகவே இடத்தை அடையாளங் காண்பதற்குப் பெயரை நம்பாமல் எண்ணை நம்ப வேண்டும். மத்திய பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சிக் கையேட்டில் ஒவ்வொரு கிராமத்திற்கும் குறியீட்டு எண் தரப்பட்டுள்ளது. அவ்வெண்ணை இட அட்டவணையின் முதற்பத்தியில் வைத்து, வழங்கும் பெயர், பழைய பெயர், வேறு மொழிகளில் எழுதும் முறை ஆகியவற்றை அடுத்தடுத்த பத்திகளில் இடலாம்.

தபால் பின்கோடு இதற்குப் போதாதா என்று சிலர் கேட்பர். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-இல் நடைமுறைக்கு வந்த பின்கோடு, கடிதங்களைப் பிரித்து அனுப்புவதற்காக ஏற்பட்டது. ஒரே பின்கோட்டின் கீழ்ப் பல கிராமங்கள் வரும். அன்றியும் இத்தீவுகள் மேற்கு வங்காளத் தபால் வட்டத்தைச் சேர்ந்தவையாதலால் இவற்றின் பின்கோடு 744 என்று தொடங்குகிறது. முதல் இலக்கத்தைக் கொண்டு மாநிலத்தைத் தானாக நிரப்பும்படி அமைத்த பதிவேடுகள் காம்பெல் பேயை வங்காளத்தில் கொண்டுபோய் வைத்துவிடக்கூடும்.

2004-க்குப் பின் இன்னொரு சிக்கலும் உண்டாயிற்று. நிக்கோபாரில் கரையோரமிருந்த குடியிருப்புகள் பல உள்நாட்டு மேடுகளுக்குப் பெயர்ந்தன. ஊரின் பெயர் பழையது, இருப்பிடம் புதியது. எனவே அட்சரேகை, தீர்க்கரேகை அளவுகளை எழுதுமிடத்தில், அவற்றை அளந்த ஆண்டையும் எழுதுதல் அவசியம். கள ஊழியர்களே இதைச் செய்யத் தக்கவர்கள். காரியாலயத்தில் இருந்துகொண்டு வரைபடத்தைப் பார்த்து நிரப்பினால் பழைய கரையோரத்தின் அளவே வந்து சேரும்.

மனிதரின் பெயர்

வெளிநாட்டார் தயாரித்த பதிவேட்டுச் சாதனங்களில் முதற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு பத்திகள் இருப்பது வழக்கம். தமிழருக்கோ தந்தையின் பெயரின் முதலெழுத்து முன்னே நிற்கும். குடும்பப் பெயர் என்பது பலருக்கு இல்லை. படிவத்தை நிரப்பியே தீர வேண்டும் என்பதற்காக ஒருவர் தந்தையின் பெயரைக் குடும்பப் பெயராக எழுதுகிறார்; மற்றொரு முறை அவரே வெறும் இன்ஷியலை எழுதுகிறார். மு. கந்தசாமி, கந்தசாமி மு., கந்தசாமி முத்து என ஒரே ஆசிரியர் மூவராகிவிடுகிறார். அடுத்த மாதம் அவருக்கு ஒரே சுற்றறிக்கை மூன்று முறை வருகிறது. அது வேடிக்கையாக இருக்கலாம். ஆனால் அவருடைய எண் மாறும்போது மூன்றில் ஒன்றுதான் திருத்தப்படும். இது வேடிக்கையன்று.

இவ்விரு பத்திகளையும் நீக்கிவிட்டு, அவரவர் தம் பெயரை எழுதுகிறபடியே முழுப் பெயருக்கு ஒரு பத்தியும், அழைக்கும் பெயருக்கு ஒரு பத்தியும் வைப்பதே நம் நாட்டிற்கு உகந்தது. வங்காளியர், தமிழர், தெலுங்கர், நிக்கோபாரியர் எனப் பலரும் கலந்து வாழும் தீவுகளில் அவரவர் பேசும் மொழிக்கும் ஒரு பத்தி வேண்டும். 2011 ஜனக்கணக்கின்படி அங்கே தமிழைத் தாய்மொழியாகக் கொண்டோர் நூற்றுக்கு 15 பேர் அளவில் உள்ளனர். புரியாத மொழியில் வரும் எச்சரிக்கை வெறும் சப்தமாகவே நின்றுவிடும்.

டெலிபோன் எண்ணைப் பற்றிச் சிறு விஷயம் ஒன்று. கணக்குத் தாள் வகைச் சாதனங்களில் அதனை எண்ணாகப் பதிந்தால் முன்னே நிற்கும் பூஜ்யம் மறைந்துவிடும். தலைநகரின் 03192 என்னும் குறி 3192 ஆகிவிடும். டெலிபோன் எண்ணைக் கூட்டவோ பெருக்கவோ எவரும் போவதில்லையாதலால் அதனை எழுத்தாகவே பதிதல் நலம். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் தொகுதியிலுள்ள பேஸ் என்னும் சாதனம் ஒரு பள்ளிக்கோ வட்டக் காரியாலயத்திற்கோ போதும். எந்தச் சாதனத்தை வாங்குவது என்னும் விவாதத்தில் மாதக் கணக்காகக் காலங் கழிக்கும் ஸ்தாபனங்கள் பல. பத்திகளை யோசிப்பதற்கு அவை ஒரு நாளும் செலவிடுவதில்லை.

பத்திகளை வரையறையின்றிப் பெருக்குவதும் தவறே. வயது, ஜாதி, வருமானம் என்று கேட்டுக்கொண்டே போனால் மக்கள் பொய் எண்ணைத் தருவார்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், ஒரு காரியத்திற்காகப் பெற்ற விவரத்தை அக்காரியத்திற்கே உபயோகிக்க வேண்டும் என்னும் கொள்கையைக் கொண்டுள்ளது. புயல் எச்சரிக்கைக்கென்று வாங்கிய எண்ணுக்குப் பொங்கல் வாழ்த்தும் விற்பனை விளம்பரமும் வரத் தொடங்கினால், அந்த எண்ணுக்குரியவர் எச்சரிக்கையையும் சேர்த்தே ஒதுக்கப் பழகிவிடுவார்.

சாதனங்கள் அறுபடும்போது

தீவுகளுக்குச் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்தது 2020 ஆகஸ்டு 10-இல்தான். சுமார் 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள அக்கேபிள் தலைநகரோடு கார் நிக்கோபார், கமோர்ட்டா, மகா நிக்கோபார் முதலியவற்றையும் இணைக்கிறது. அதற்கு முன்பு துணைக்கோளை நம்பியே தொடர்பு நடந்தது. எந்தச் சாதனமும் அறுபடாது என்று சொல்வதற்கில்லையாதலால், ஒவ்வொரு பதவிக்கும் எதிரே ஒரே எண் இல்லாமல், முதலில் இது, இது கிடைக்காவிடில் அது என்று வரிசை இருக்க வேண்டும்: காரியாலய டெலிபோன், கைப்பேசி, போலீஸ் வயர்லெஸ், கப்பல்கள் அபாய காலத்தில் கவனிக்கும் வி.எச்.எஃப். 16-ஆம் அலைவரிசை. 2004 டிசம்பரில் தலைநகரில் வந்து தங்கி அமெச்சூர் ரேடியோ நிலையம் நடத்திக்கொண்டிருந்த பாரதி பிரசாத் அம்மையாரும் அவருடைய குழுவினரும், மற்றத் தொடர்புகள் துண்டிக்கப்பட்டபோது செய்திகளை அனுப்பி உதவினர். அவர்கள் அங்கிருந்தது தற்செயல். அத்தகையோர் எங்கெங்கு உள்ளனர் என்று எழுதி வைப்பது தற்செயலாக இருக்க வேண்டுவதில்லை.

2007-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் ஹைதராபாதிலுள்ள இந்தியப் பெருங்கடல் தகவல் சேவைகள் தேசிய மையத்தில் சுனாமி எச்சரிக்கை நிலையம் இயங்கி வருகிறது. 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவுள்ள பூகம்பம் நிகழ்ந்தபோது, எட்டு நிமிஷங்களில் அதன் முதல் அறிக்கை வெளிவந்தது. நிக்கோபார்ப் பகுதிகள் சிலவற்றிற்கு எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது. அலை சிறிதாகவே இருந்தது. அன்று மின்னஞ்சல், ஃபாக்ஸ், கைப்பேசிக் குறுஞ்செய்தி யாவும் முன்னரே தயாராயிருந்த பதிவேட்டின்படி சென்றன.

ஒரு பிரதேசத்திலுள்ள எல்லாக் கைப்பேசிகளிலும் ஒரே சமயத்தில் எச்சரிக்கையை ஒலிக்கச் செய்யும் முறை இப்போது வந்துள்ளது. 2023-இல் நாடெங்கும் சோதனைச் செய்திகள் வந்ததை வாசகர்கள் நினைவு கூரலாம். அதற்கு எவருடைய எண்ணும் வேண்டுவதில்லை. அப்படியாயின் பதிவேடு எதற்கு? பொதுவான எச்சரிக்கை கேட்டவர்களையெல்லாம் எச்சரிக்கும். பள்ளியின் வாயிற் பூட்டைத் திறப்பவரை அது குறிப்பாக அழைப்பதில்லை. அவர் கேட்டாரா என்றும் திரும்பத் தெரிவிப்பதில்லை. பெற்றேன் என்னும் பதில் வேண்டுமாயின் இன்னாரிடமிருந்து என்று முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

சரிபார்த்தல்

யுனெஸ்கோ அமைப்பில் எச்சரிக்கை மையங்கள் ஆண்டுக்கு இருமுறை எல்லா நாடுகளுக்கும் சோதனைச் செய்தி அனுப்பி, எது எத்தனை நிமிஷங்களில் போய்ச் சேர்ந்தது என்று கணக்கெடுக்கின்றன. இதே வழக்கத்தை ஒரு வட்டக் காரியாலயமும் கைக்கொள்ளலாம். மூன்று மாதத்திற்கு ஒருமுறை, முன்னறிவிப்பின்றி, வேலை நேரமல்லாத ஒரு வேளையில் பதிவேட்டிலுள்ள ஒவ்வோர் எண்ணையும் அழைக்க வேண்டும். பதில் கிடைத்தால் 'கடைசியாகச் சரிபார்த்த நாள்' என்னும் பத்தியில் அன்றைய தேதியை இடவேண்டும். ஆறு மாதத்திற்கு மேற்பட்ட தேதியுடைய வரிகளைக் கம்ப்யூட்டரே சிவப்பு நிறத்தில் காட்டும்படி செய்வது கடினமன்று. அவசரப் பதவிகளின் பட்டியலை மட்டும் ஒரே தாளில் அச்சிட்டு, அச்சிட்ட தேதியைத் தலைப்பிலேயே பெரிதாகப் போட்டு, டெலிபோனுக்கு அருகே மாட்டி வைக்க வேண்டும்; மின்சாரம் நின்றபோது உதவுவது அத்தாள்தான். புதிய தாளை மாட்டும்போது பழையதைக் கிழித்தெறிய மறக்கலாகாது.

தீவுகளில் மாற்றல் உத்தரவு பெற்றவர் அன்றே போய்ச் சேர்வதில்லை. ஃபீனிக்ஸ் பேயில் கப்பலுக்குக் காத்திருந்து, கடல் இடங்கொடுத்தால் புறப்பட்டு, சில நாட்களுக்குப் பின்னரே புதிய இடத்தில் பொறுப்பேற்பார். பழையவர் அதற்குள் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். ஆகையால் உத்தரவு வெளியான அன்றே இணைப்பு அட்டவணையில் பழையவரின் முடிவுத் தேதியை இட்டு, இடைக்காலத்தில் பொறுப்பு வகிப்பவரின் பெயரையும் எண்ணையும் சேர்த்துவிட வேண்டும். புதியவர் துறையில் இறங்கிக் கையெழுத்திட்டதாகச் செய்தி வந்தபின் அவருடைய எண்ணை ஒருமுறை அழைத்துப் பார்த்த பிறகே, இடைக்கால வரிக்கு முடிவுத் தேதி இடலாம்.